"நான் நோட்கோத்தீனி"ன்னு சொன்ன முதலாளியும் என் அஞ்சு மாச அரை சம்பளமும்

தாசரஹள்ளிக்காரன்:

பெங்களூரு பீனியால ஒரு சின்ன மெஷின் ஷாப், மொத்தம் 14 பேர், 2014ல சேர்ந்து 9 வருஷம் சிஎன்சி, அதான் கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின், ஓட்டினேன். 2020 மார்ச் 25 லாக்டவுன் போட்டப்ப முதலாளி போன் பண்ணி, அஞ்சு மாசம் பாதி சம்பளம்தான் தர முடியும், ஆர்டர் வந்ததும் மீதியை மொத்தமா தந்துடறேன், நான் நோட்கோத்தீனின்னாரு, கன்னடத்துல நான் பாத்துக்கறேன்னு அர்த்தம். நமக்கு அந்த ஒரு வார்த்தை போதுமே, அதுக்கு மேல பேப்பர் கேட்டா அவரை நம்பாத மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன். ஷாப் திறந்த அன்னிக்கு மெஷின் சூட்டை தணிக்கற கூலன்ட் டேங்க்கை திறந்தா அழுகின முட்டை நாத்தம், ரெண்டு மாசமா நின்ன தண்ணி, மேல கெட்டியா ஆடை கட்டியிருந்துச்சு, ஹெல்ப்பர் பசங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க, நானே முழங்கை வரைக்கும் கைய விட்டு அள்ளி கழுவினேன், ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல. மாசம் 9,000 வீதம் 45,000 ரூபா நிக்குது. 2022ல புது மெஷின் ஒண்ணு இறக்கினாங்க, பூஜைல நானும்தான் தேங்கா உடைச்சேன், அப்ப கேட்டேன். "அது பிடப்பா, அந்த டைம்ல எல்லாருக்கும்தான் கஷ்டம்"னாரு, அதை விட்டுடுப்பான்னு அர்த்தம். அந்த "பிடப்பா" இன்னும் காதுலயே நிக்குது.

2023ல வேலைய விட்டப்ப கிராஜுவிட்டியும், அதான் பல வருஷம் உழைச்சதுக்கு போறப்ப தர்ற பணம், தரல. அதுக்கு அப்ப 1972ல போட்ட சட்டம் இருந்துச்சு, 10 பேர் வேலை செய்யற இடம்னாலே பொருந்துச்சு, 5 வருஷம் முடிச்சிருக்கணும், கடைசி பேசிக் சம்பளத்தை, பஞ்சப்படி இருந்தா அதையும் சேர்த்து, 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். என் பேசிக் 13,000, கணக்கு 67,500 வந்துச்சு. பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனுக்கு, அதான் தொழிலாளர் துறை ஆபீஸுக்கு, போய் 'N' ஃபார்ம் கொடுத்தேன், நோட்டீஸ் போச்சு, பணம் வந்துச்சு. ஆனா அந்த 45,000க்கு என் கைல ஒரு மெசேஜ் கூட இல்லீங்க, போன்ல பேசினதுதானே.

ஒயிட்ஃபீல்டு அம்மா:

படிக்கவே கஷ்டமா இருக்கு அண்ணா. எங்க மேனேஜர் டீம் கால்ல, இனிமே வீட்லேருந்தே வேலை பாக்கலாம், யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னாரு, அதை நம்பி வாடகை வீட்டை காலி பண்ணி திருப்பத்தூர்ல பொண்ணை ஸ்கூல்ல சேத்தேன், ஒன்றரை வருஷத்துல வாரம் மூணு நாள் ஆபீஸ்னு மெயில். ஹெச்ஆர் கிட்ட கேட்டா ஆஃபர் லெட்டர்ல லொகேஷன் பெங்களூருதானேங்கறாங்க. எம்பிஏல படிச்சிருக்கேன், இதுக்கு சைக்கலாஜிகல் கான்ட்ராக்ட்னு பேரு, டெனிஸ் ருஸ்ஸோ 1989ல எழுதினாங்க, எழுதாத வாக்கு உடைஞ்சா வெறும் ஏமாற்றமா இருக்காது, துரோகம் பண்ணிட்டாங்கன்னுதான் தோணும்னு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணப்ப புரியல.

அல்சூர் டெய்லர்:

நான் கடை வச்சிருக்கறவன், எங்க பக்கமும் சொல்றேன். குடியாத்தம் பையன் ஒருத்தன், கட்டிங்லேருந்து எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன், தங்கச்சி கல்யாணத்துக்கு 20,000 அட்வான்ஸ் வாங்கிட்டு பொங்கல் வரைக்கும் இருக்கேண்ணான்னு சொன்னவன் தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடி கிளம்பிட்டான், பிளவுஸ் எல்லாம் மூட்டை மூட்டையா கிடக்கு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நானே தைச்சேன். கோவத்துல வீட்ல கத்தினப்ப என் வீட்டுக்காரி கேட்டா, ரெண்டு வருஷமா அவனுக்கு சம்பளம் ஏத்தறேன்னு சொன்னீங்களே ஏத்தினீங்களான்னு. ஏத்தல. புதுசா வந்திருக்கற பையனுக்கு எந்த மாசம் எவ்வளவு ஏத்தறேன்னு கடை காலண்டர்லயே பேனால எழுதி மாட்டியிருக்கேன், போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும்.