வானம் முழுக்கப் புகை, தரையில் மீட்டர் மட்டும் அசையவில்லை. ஏன்?

கேள்வி:
4000 கி.மீ. தள்ளி எரியும் காட்டுத்தீயின் புகை நம் தலைக்கு மேல் இருப்பதாகச் செயற்கைக்கோள் படம் காட்டுகிறது. ஏஓடி, அதாவது காற்றில் உள்ள துகள்கள் ஒளியை மறைக்கும் அளவு, 0.8. ஆனால் தரையில் நுண்துகளை அளக்கும் பிஎம் 2.5 மீட்டர் கன மீட்டருக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை. மீட்டர் கோளாறா? அவ்வளவு தூரமும் மழையில் கரையாமல் புகை எப்படி வந்து சேர்ந்தது?

பதில் 1:
மீட்டர் மேல் பழி போடாதீர்கள். ஏஓடி என்பது தரையிலிருந்து உச்சி வரை உள்ள துகள்கள் மொத்தமாக எவ்வளவு ஒளியை மறைக்கின்றன என்ற கணக்கு. எந்த உயரத்தில் என்று அது சொல்லாது. தரைக்காற்று கலக்கும் அடுக்கு பகலில் 1 முதல் 2 கி.மீ., இரவில் சில நூறு மீட்டர்தான். புகை 4 கி.மீ.யில் மிதந்தால் மீட்டருக்கு எப்படித் தெரியும்? வானம் பால் ஊற்றியதுபோல் வெளுத்து, அந்திச் சூரியன் செம்பு நிறத்தில் இருந்தால் இதுதான் சங்கதி. உயர் அழுத்தத்தில் காற்று கீழிறங்கினாலோ, மதிய வெயிலில் கலக்கும் அடுக்கு வளர்ந்து புகையைத் தொட்டாலோ மீட்டர் சட்டென்று ஏறும்.

தூரம் வெறும் கணக்குதான். விநாடிக்கு 5 மீட்டர் தரைக்காற்றில் 4000 கி.மீ. கடக்க 9 நாளுக்கு மேல் ஆகும். மேலே விநாடிக்கு 30 மீட்டர் காற்றில் ஒன்றரை நாள். கீழ்க்காற்றில் துகளின் ஆயுளே ஒரு வாரம்போலத்தான், அதற்குள் மழை கழுவிவிடும். தீயின் சூட்டில் எழும்பி மழைமேகத்துக்கு மேலே போனது தப்பிக்கும்.

பதில் 2:
எல்லாம் தப்பிக்காது. புயல் சுழற்சியோடு ஏறும் ஈரக்காற்றில் துகளில் பெரும்பகுதி வழியிலேயே மழையோடு இறங்கிவிடும். கார்பன் மோனாக்சைடு நீரில் கரையாது, ஒன்றிரண்டு மாதம் நிற்கும். அதனால் துகள் படத்தோடு ட்ரோப்போமி என்ற செயற்கைக்கோள் கருவியின் கார்பன் மோனாக்சைடு படத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பார்கள். அவற்றில் ஒரு பங்கு பான் (பெராக்சிஅசிடைல் நைட்ரேட்) என்ற சேர்மமாக ஒளிந்துகொள்ளும். 25 டிகிரியில் அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மைனஸ் 25இல் மாதக்கணக்கு. கீழிறங்கிச் சூடானதும் பிரிந்து, போன இடத்தில் ஓசோனைக் கிளப்பும்.

பதில் 3:
எங்கிருந்து வந்தது என்று உறுதிசெய்ய காற்று வந்த பாதையைக் கணித்துக் கோடாக வரையும் ஹைஸ்பிளிட் மாதிரியில் 120 மணி நேரம் பின்னோக்கி ஓட்டுங்கள். 500, 1500, 4000 மீட்டர் என மூன்று உயரமும் கொடுங்கள். பாதைகள் மூன்று திசையில் பிரிவது சகஜம். பலரும் சறுக்குவது அடுத்ததில்தான்: கோடு தீயின் மேல் போனதும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கே கோடு 5 கி.மீ. உயரத்தில் இருந்து, புகை 2 கி.மீ. வரைதான் எழுந்தது என்றால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பாதைப் பிழை கடந்த தூரத்தில் 15 முதல் 30 சதவீதம். உங்கள் தூரத்துக்கு 600 முதல் 1200 கி.மீ. ஒற்றைக் கோட்டை நம்பாமல் 27 கோடுகள் தரும் என்செம்பிள் முறையில் ஓட்டிப் பாருங்கள்.