தைலம் தடவினால் தலைவலி விடுகிறது, நோட்டில் கணக்கே வைத்திருக்கிறேன். இதை எப்படித் தற்செயல் என்கிறீர்கள்?

மழைமேகம்:

எனக்குப் பத்து வருடமாக ஒற்றைத் தலைவலி. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும், வந்தால் அன்றைய பொழுது போச்சு. போன வருடம் தெரிந்தவர் ஒருவர் ஒரு தைலம் கொடுத்தார். வலி தாங்க முடியாமல் போகும்போது நெற்றியிலும் பிடரியிலும் தடவிக்கொண்டு இருட்டில் படுத்துவிடுவேன். எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை என்பதால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 26 தடவை தடவியதில் 19 தடவை அன்று இரவுக்குள் வலி விட்டிருக்கிறது. அதே நோட்டைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது: வலி வந்த பல நாட்களுக்கு முந்தின நாள் சாக்லேட் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் அதையும் நிறுத்திவிட்டேன்.

என் மைத்துனரிடம் இதைச் சொன்னால், "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு தடவை விழுந்தால் தற்செயல், ஒத்துக்கொள்கிறேன். 19 தடவை விழுந்தாலுமா? எத்தனை தடவை நடந்தால் இதுதான் காரணம் என்று சொல்லலாம்? வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

எலிவால்:

நோட்டு எழுதியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், பெரும்பாலானோர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் "எத்தனை தடவை" என்பது தப்பான கேள்வி. 19 இல்லை, 190 ஆனாலும் அது பாதிக் கணக்குதான். வலி வந்தும் தைலம் தடவாத நாட்களில் என்ன ஆனது? அந்த எண் இல்லாமல் இந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. உங்கள் மைத்துனர் சொன்ன பனைமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழம் கனிந்து நிற்கிற காலத்தில் காக்கை உட்கார்ந்தாலும் விழும், உட்காராவிட்டாலும் விழும். காக்கை நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தால் விழுகிற ஒவ்வொரு பழமும் அதன் கணக்கில்தான் சேரும்.

1968ல் ராபர்ட் ரெஸ்கோர்லா என்ற உளவியலாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார், எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஒலி கேட்கும், லேசான மின்னதிர்ச்சி வரும். ஒலியோடு சேர்ந்து அதிர்ச்சி வருவது இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு. ஆனால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒலி இல்லாத நேரத்திலும் அதே அளவுக்கு அதிர்ச்சி கொடுத்தார். அந்த எலிகள் ஒலிக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. அதுவரை, இரண்டு விஷயம் அடுத்தடுத்து வந்தாலே போதும், மனதில் முடிச்சு விழுந்துவிடும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். எலியோ "ஒலி இல்லாதபோது என்ன நடக்கிறது" என்பதையும் சேர்த்துத்தான் கற்றது. அப்படியென்றால் நம்மாலும் முடியும்தானே? முடியும், ஆனால் எலிக்கு ஒலி இல்லாத நேரம் தானாகவே வந்து வாய்த்தது. நீங்கள் வலி வந்தால் தடவிவிடுகிறீர்கள், அதனால் உங்கள் நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

ஸ்பெயினில் ஹெலேனா மதூத்தே என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் இதைத்தான் பல வருடமாக ஆராய்கிறார்கள். கணினித் திரையில் கற்பனை நோயாளிகள், ஒரு கற்பனை மருந்து. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குணமாகிற விகிதம் ஒன்றுதான். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பங்கேற்பவர்களிடமே விட்டால், அதிகம் பேருக்குக் கொடுத்தவர்களுக்குத்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கையும் அதிகம். அதுவும் தானாகவே அடிக்கடி குணமாகிற நோய் என்றால் இன்னும் பலமாக நம்புகிறார்கள். உங்கள் தைலத்துக்கு இந்த இரண்டும் பொருந்துகின்றன.

தென்றல்:

எலிவால் சொல்வதில் தப்பில்லை, ஆனால் மனசை எண்ணிக்கை போடுகிற இயந்திரம் மாதிரி பேசுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. எலிகளே ஒரே தடவையிலும் கற்றுக்கொள்ளும். 1966ல் கார்சியா, கோலிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்தது: எலிகள் இனிப்புத் தண்ணீர் குடிக்கும்போதே வெளிச்சமும் சத்தமும் வரும். பிறகு உடம்பு சரியில்லாமல் போன எலிகள் இனிப்பை ஒதுக்கின, வெளிச்சத்தையோ சத்தத்தையோ கண்டுகொள்ளவில்லை. மின்னதிர்ச்சி பட்ட எலிகள் நேர்மாறாக, வெளிச்சம் சத்தத்துக்கு மிரண்டன, இனிப்பை விடவில்லை. வயிறு கெட்டால் வாயில் போட்டதைச் சந்தேகப்படு என்பது பிறவியிலேயே வருகிற அறிவு. உயிரைக் காக்க வந்த அறிவு அது.

எனக்கு ஆறு வயதில் ஒரு பழம் சாப்பிட்ட அன்று இரவு வாந்தி, காய்ச்சல். அந்தப் பழத்தைத் தொடாத என் தம்பிக்கும் மறுநாள் அதே காய்ச்சல் வந்தது, அதனால் பழம் காரணமில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பது வருடம் ஆகியும் அந்த வாசனை வந்தால் குமட்டுகிறது. புத்திக்குத் தெரிந்தது நாக்குக்கு எட்டவே இல்லை. அதனால் மழைமேகம், உங்களைத் தப்பாக யோசிப்பவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தைலத்தால் கெடுதல் இல்லையென்றால் அதை ஏன் பறிக்க வேண்டும்?

பழைய வாத்தியார்:

கெடுதல் இல்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது அம்மா. ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரைகள் வலி ஆரம்பிக்கும்போதே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். தைலம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தால் அந்த நேரம் கைவிட்டுப் போகிறது.

மழைமேகம் எழுதியதில் ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. "வலி தாங்க முடியாமல் போகும்போது" தடவுகிறார். மருந்தே எடுக்காவிட்டாலும் இந்த வலி சாதாரணமாக 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கும். உச்சத்தில் நிற்பது அதற்குமேல் போக வழியில்லாமல் இறங்கத்தான் செய்யும். அந்த உச்சத்தில் நீங்கள் எதைச் செய்திருந்தாலும், தைலமோ வேண்டுதலோ வெறுமனே கண்ணை மூடிப் படுத்ததோ, இறங்கியது அதனால்தான் என்று தோன்றும். போதாததற்கு இருட்டில் படுக்கவும் செய்கிறீர்கள். படுத்துத் தூங்கினாலே பலருக்கு வலி விடும், பேர் வாங்குவது தைலம்.

இப்படியே பல நூற்றாண்டுகள் மருத்துவர்கள் நோயாளியின் ரத்தத்தை வெட்டி வெளியேற்றினார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வெட்டுவார்கள், பிழைத்தவர் எழுந்து உட்கார்வார், வைத்தியத்துக்குப் புகழ். செத்தவரைப் பற்றி "முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்று ஒரு பேச்சு. அவர்கள் முட்டாள்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள். பாரிஸில் பியேர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளைக் கூட்டம் பிரித்து எண்ணிப் பார்த்து 1835ல் வெளியிட்ட பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், எத்தனை உயிர்.

சாரல்:

நானும் இதே தலைவலிக்காரிதான், சாக்லேட் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் நாலு வருடம் விட்டிருந்தேன். அப்புறம் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது, வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சில பேருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, தலைவலி உள்ளுக்குள் ஆரம்பித்துவிடுகிறது. கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், அதோடு இனிப்பு மேல் தீராத ஆசை, இதெல்லாம் அதன் முன்னறிகுறி. அதாவது சாக்லேட் சாப்பிட்டதால் தலைவலி வந்தது என்பதைவிட, தலைவலி வரப்போவதால் சாக்லேட் கேட்டது என்பது பலருக்குப் பொருந்தலாம். எது முதலில் கண்ணுக்குத் தெரிகிறதோ அதைக் காரணம் என்கிறோம், கண்ணுக்குத் தெரியாமல் முதலில் வந்தது வேறாக இருக்கும். இப்போது எனக்கு இனிப்பு ஆசை வந்தால் மாத்திரையைப் பையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன், அது உண்மையிலேயே உதவுகிறது.

மழைமேகம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து நோட்டை மறுபடி பார்த்தேன். தைலம் தடவாத நாட்களே இல்லை என்று நினைத்தேன், இருந்தன. பயணத்தில் தைலம் கையில் இல்லாத 7 தடவை வலி வந்திருக்கிறது. அவற்றை நான் எண்ணவே இல்லை, ஓரத்தில் "தைலம் இல்லை, கஷ்டம்" என்று மட்டும் கிறுக்கியிருந்தேன். தேதி பார்த்து, அந்த நாட்களில் மனைவிக்கு அனுப்பிய செய்திகளையும் தேடிப் படித்தேன். 7ல் 5 தடவை இரவுக்குள் வலி விட்டிருக்கிறது.

26க்கு 19, 7க்கு 5. கிட்டத்தட்ட ஒன்றேதான். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 7 தடவையும் கஷ்டப்பட்டதாகத்தான் எனக்கு ஞாபகம், விட்டது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. மைத்துனருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

எலிவால்:

இதைத் திறந்த மனதோடு வந்து சொன்னதற்கு நன்றி. ஆனால் 7 என்பது மிகச் சின்ன எண், இதை வைத்துத் தைலம் பயனற்றது என்று சொல்வதும் அவசரம். பயண நாட்களே வேறு மாதிரியானவை, தூக்கம், வெயில், அலைச்சல் எல்லாம் மாறும். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பட்ட பாடு இதுதான். ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவு, மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார் சாவு அதிகம், மருத்துவச்சிகள் பார்த்ததில் குறைவு. இரண்டுக்கும் என்னென்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார், சாகக் கிடப்பவர்களைப் பார்க்க மணியடித்தபடி பாதிரியார் நடந்து போகிற வழியைக்கூட மாற்றச் சொன்னார். எதிலும் சாவு குறையவில்லை. கடைசியில் 1847 மே மாதம், பிணப்பரிசோதனை செய்துவிட்டு வருகிறவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த சாவு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

நீங்களும் மாற்றிப் பாருங்கள். வலி ஆரம்பித்ததும், உச்சத்துக்குப் போகும் முன்பே, நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் தைலம், பூ விழுந்தால் தைலம் இல்லை. மற்றபடி இருட்டு, படுக்கை எல்லாம் அப்படியே. மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள், இரண்டு விதமான நாளிலும் ஒரே மாதிரி போடுங்கள். தடவியது உங்களுக்கே தெரியும் என்பதால் எதிர்பார்ப்பின் விளைவு கலந்துதான் வரும், அதை இந்த முறையில் பிரிக்க முடியாது. வாசனை ஒன்றாகவும் மருந்து இல்லாமலும் இன்னொரு புட்டி கிடைத்தால் நல்லது.

மழைமேகம்:

நாணயம் சுண்டுவதை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன், என் கையில் இருந்தால் வலி அதிகமான நாளில் இரண்டாவது தடவை சுண்டிப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியும். நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டாயிற்று. 40 தடவை ஆனதும் இங்கேயே வந்து எழுதுகிறேன், என் கணக்கில் ஒன்றரை வருடம் ஆகும்.