சரக்கொன்றை விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது

மண்வெட்டி:
சரக்கொன்றை நெற்றை உடைத்து விதை எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பைகளில் ஊன்றினேன். மாதம் தாண்டியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. தோண்டினால் போட்டது போட்டபடி பளபளவென்று கிடக்கின்றன, அழுகவும் இல்லை. செத்த விதையா?

விதைப்பித்தன்:
பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். செத்திருந்து தண்ணீரும் உள்ளே போயிருந்தால் இந்நேரம் பூசணம் பிடித்து நசநசத்திருக்கும். பயறுக் குடும்பத்து மரங்கள் பலவற்றின் விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. தோலைக் காயப்படுத்தாமல் எத்தனை நாள் ஊறவைத்தாலும் வீண்.

கொஞ்சம் விதைதான் என்றால் நகவெட்டி போதும். காயோடு ஒட்டியிருந்த தழும்பை முதலில் கண்டுபிடியுங்கள். முளைவேர் அந்தப் பக்கம்தான், அங்கே கை வைக்காதீர்கள். எதிர்முனையில், பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் தெரிகிற அளவுக்கு ஒரு சின்ன வெட்டு. உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. அப்புறம் ஊறவைத்தால் மறுநாள் நன்றாக உப்பி, பளபளப்பு போயிருக்கும். உப்பியதை உடனே ஊன்றுங்கள், காயவிட்டால் போச்சு. உப்பாமல் அடம்பிடிப்பதை மறுபடி தேய்க்கலாம்.

மண்வெட்டி:
நன்றி ஐயா. சூபாபுல், புங்கன் விதையும் நிறைய வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் உட்கார்ந்து வெட்ட முடியாதே, வெந்நீர் ஊற்றினால் என்ன?

விதைப்பித்தன்:
சூபாபுலுக்குத் தாராளமாக ஊற்றலாம். 80 டிகிரி வெந்நீரில் 2, 3 நிமிடம், பிறகு பச்சைத் தண்ணீருக்கு மாற்றி இரவு முழுக்க. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் விதை அவிந்துவிடும். புங்கன் பக்கம் வெந்நீரைக் கொண்டே போகாதீர்கள்! அதன் தோல் மெல்லிசு, ஒரு வைத்தியமும் வேண்டாம். நாள்பட்டால் முளைப்பு குறையும் என்பதால் முதலில் அதை ஊன்றிவிடுங்கள்.

நாற்றுப்பை:
நாற்றுப்பண்ணைகளில் கொன்றைக்கு அடர் கந்தக அமிலம்தான். வீட்டில் யாரும் முயல வேண்டாம். அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தாலே சூடேறித் தெறிக்கும். அதனால் அமிலத்தை முழுக்க வடித்துவிட்டு, விதையை நிறையத் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டி அலசுவார்கள்.

விதைப்பித்தன்:
கருவேலத்துக்கு அமிலமும் வேண்டாம், ஆடு போதும். காயைத் தின்றுவிட்டு அசைபோடும்போது துப்பும் விதையைப் பட்டியில் பொறுக்கலாம். எந்த முறையானாலும் முதலில் ஒரு கைப்பிடி விதையில் செய்து, உப்புகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தில் கை வையுங்கள். ஒரே மரத்து விதைகூட ஒரே மாதிரி இருக்காது.