பொருள்: செவிலியர் கையேட்டுக்காக, தடுப்பூசிக்குப் பின் தலைதூக்கும் கிருமி வகைகளுக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

> 'வகைத்திரிபு' என்றே வைத்துக்கொள்ளலாமே.

திரிபு வேண்டாம் அண்ணாச்சி. கொரோனா காலத்திலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே கிருமி உருமாறிவிட்டது என்றுதான் படும். இங்கே ஊசி எந்தக் கிருமியையும் உருமாற்றவில்லை.

நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை அதன் சர்க்கரை மேலுறையை வைத்துப் பிரித்தால் 90க்கும் மேற்பட்ட வகைகள். பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். சில சமயம் ரத்தத்தில் ஏறி மூளையுறைக் காய்ச்சலைக் கொண்டுவரும். 2000இல் அமெரிக்காவில் வந்த ஊசி 7 வகைகளைத்தான் குறிவைத்தது. அவை ஒடுங்கியதும், ஊசியில் இல்லாத 19ஏ என்ற வகை பெருகியது. 2010இல் வந்த 13 வகை ஊசியில் அதையும் சேர்த்தார்கள். அப்புறம் அதுவும் குறைந்தது.

அம்பாசமுத்திரம் பக்கம் கார் சாகுபடியில் மருந்தடித்துக் குதிரைவாலிப் புல்லை ஒழித்தால், அடுத்த பருவமான பிசானத்தில் கோரை மண்டுகிறதே, அதே கதைதான். கோரை முன்பே வயலில் இருந்ததுதான். இப்போது இடம் கிடைத்தது.

ஆகவே நான் முன்வைப்பது 'உறைவகை இடம்பிடிப்பு'. 'இடம்பிடித்த வகை', 'இடம் இழந்த வகை' என்று வாக்கியத்திலும் இயல்பாகப் புழங்கும்.

> 'உறை மாற்றம்' இன்னும் சுருக்கம்.

சுருக்கம்தான். ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படும். ஒரு நியூமோகாக்கஸ், பக்கத்துக் கிருமியின் மரபணுத் துண்டை வாங்கித் தன் மேலுறையையே மாற்றிக்கொள்வதும் உண்டு. உண்மையிலேயே உறை மாறுவது அங்கேதான். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிக்கிற செவிலியர் குழம்பிப்போவார்.

இதில் நான் இவ்வளவு மல்லுக்கு நிற்பதற்குக் காரணம் உண்டு. மானூர் பக்கம் ஒரு புதன்கிழமை முகாமில், ஆறு வாரப் பிள்ளையின் தொடையை அழுத்திப் பிடித்திருந்த தாய் கேட்டார்: "இந்த ஊசி போட்டா வேற கிருமி வந்துருமாமே, நெசமா?" செவிலியர் கையில் ஊசியோடு ஒரு கணம் நின்றுவிட்டார். அவர் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: வேறு வகை கொஞ்சம் இடம்பிடிக்கலாம்; ஆனால் மோசமான வகைகள் போய்விடுவதால், ஊசி போட்ட நாடுகளில் குழந்தைகளுக்கு இந்தக் கிருமியால் வரும் கடும் நோய் மொத்தத்தில் நன்றாகவே குறைந்திருக்கிறது. 2021இல் இந்த ஊசி நாடு முழுக்க இலவச அட்டவணையில் வந்துவிட்டது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணையும் தவறக்கூடாது. பயமுறுத்தும் ஒரு சொல்லால் ஒரு தாய்கூட இரண்டாம் தவணைக்கு வராமல் போகக்கூடாது.

'ஊனீர் வகை' (serotype) என்ற பழைய சொல் பாடநூலில் இருக்கட்டும். செவிலியர் கையேட்டுக்கு 'உறைவகை' போதும். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள் அண்ணாச்சி.