லீ என்ஃபீல்ட்: ரீலோட் பண்ணின கேஸ் ரெண்டா முறியுது, அவசரம்

மரக்கட்டை:
வணக்கம். பழைய லீ என்ஃபீல்ட் ரைபிள். ரீலோட் பண்ணின (சுட்ட கூட்டுல மறுபடி மருந்து நிரப்பின) கேஸ், அதாவது தோட்டாவோட பித்தளைக் கூடு, சுட்டதும் அடிப்பக்கம் தனியா முறிஞ்சு வருது. வெடிமருந்து, ரீலோடிங் புத்தகத்துல இருக்கிற ஆரம்ப அளவுதான், கூட்டல. டை (கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வர்ற அச்சு) சரியாத்தான் செட் பண்ணியிருக்கேன். ஞாயிறு சுடப் போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

தராசுமுள்:
எந்த லீ என்ஃபீல்ட்? நம்பர் 1 மார்க் 3-ஆ, நம்பர் 4-ஆ? இஷாப்பூர் 2ஏ1-னா அது 7.62, கதையே வேற. கேஸ் என்ன மேக், எத்தனாவது தடவை நிரப்பினது? ஃபுல் லெங்த் டையா (முழுக் கேஸையும் அழுத்தறது), கழுத்து டையா (கழுத்தை மட்டும் அழுத்தறது)? முறிவு ரிம்முக்கு (கேஸ் அடியில இருக்கிற விளிம்பு) எவ்வளவு மேல?

சூடுபதம்:
அனீல் பண்ணாம (சூடு காட்டிப் பித்தளையை இளக்காம) விட்டிருப்பீங்க. பித்தளை இறுகிப்போச்சு, அதான் உடையுது. கழுத்தைச் சுடர்ல காட்டி எடுங்க, சரியாயிடும்.

தராசுமுள்:
சூடுபதம் அண்ணே, அனீல் பண்ணாட்டி கழுத்துதான் நீளவாக்குல கீறும். இவருக்குப் போறது அடிப்பக்கம். அங்க சூடு ஏத்தினா பித்தளை இளகி, கேஸ் அடியே அழுத்தம் தாங்காது. தயவுசெஞ்சு அந்த யோசனை வேண்டாம்.

மூத்தகுறி:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடல் பெட்டி எதுக்கு வச்சிருக்கு? "டை சரியா செட் பண்ணியிருக்கேன்"னு எழுதினவர்ல பாதிப் பேர் டையை ஷெல் ஹோல்டர்ல (கேஸ் அடியைப் பிடிக்கிற துண்டு) இடிக்கிற வரை இறக்கிட்டு, மேல கால் சுத்து வேற இறுக்கியிருப்பாங்க. டை பெட்டியில வர்ற காகிதம் அப்படித்தான் சொல்லும். மத்த ரைபிளுக்கு அது ஓடும். லீ என்ஃபீல்டோட 303 தோட்டாவுக்கு அதுதான் வினை.

மரக்கட்டை:
303 தான். நம்பர் 4. கடையில வாங்கின புது கேஸ், மூணாவது நிரப்பு. ஆமா, ஃபுல் லெங்த் டை. ஷெல் ஹோல்டரைத் தொடுது.

பித்தளைவளையம்:
அப்ப காரணம் தெரிஞ்சாச்சு. விவரமா சொல்றேன்.

303 ரிம் உள்ள தோட்டா. ஹெட்ஸ்பேஸை (தோட்டா நிக்கிற இடத்துக்கும் பின்னால மூடற போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி) ரிம்தான் நிறுத்துது, தோள்பட்டை (கழுத்துக்குக் கீழ சரியற இடம்) இல்ல. போர்க்காலத்துல சேறோட சேறா தோட்டா உள்ள போகணும்னு சேம்பரை (தோட்டா உட்கார்ற அறை) தாராளமா வெட்டினாங்க, தோள்பட்டை இடம் முன்னால தள்ளியே இருக்கும். சுட்டதும் கேஸோட மெல்லிய முன்பாதி சேம்பர் சுவரைப் பிடிச்சுக்கும். தடிமனான அடி மட்டும் பின்னால போய் போல்ட்ல முட்டும். நடுவுல இருக்கிற சுவர் இழுபடும். லீ என்ஃபீல்ட் போல்ட்ல லக் (போல்ட்டைப் பூட்டற புடைப்பு) பின்பக்கம் இருக்கிறதால, போல்ட்டும் ரிசீவரும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். இழுவை அதனாலயும் கூடும். அதுக்கப்புறம் ஃபுல் லெங்த் டை தோள்பட்டையைப் பழைய இடத்துக்கே தள்ளிடுது. அடுத்த சூட்டுல மறுபடி இழுப்பு. ரெண்டு மூணு தடவையில சுவர் காகிதம் மாதிரி ஆகிடும்.

மிச்சம் இருக்கிற கேஸை இப்படிப் பாருங்க: ஜெம் கிளிப் கம்பியை நிமிர்த்தி, நுனியை 2 மில்லிமீட்டர் மடக்கிக் கூராக்குங்க. கேஸுக்குள்ள விட்டு அடியிலிருந்து சுவரோட உரசி மேல இழுங்க. ரிம்முக்கு மேல சுமார் ஒரு செ.மீ. தூரத்துல பள்ளத்துல தட்டினா அந்தக் கேஸ் குப்பைக்கு. வெளியே அதே இடத்துல பளபளன்னு வளையம் தெரியும், ஆனா டை உரசினாலும் அப்படிக் கோடு விழும். கண்ணை நம்பாதீங்க, கம்பியை நம்புங்க.

இரட்டைவடி:
மருந்து அதிகமானாலும் இப்படி ஆகலாமே? தராசு பிசகியிருக்கும்.

பித்தளைவளையம்:
அதிகமானா பிரைமர் (கேஸ் அடியில இருக்கிற தீமூட்டி) தட்டையாகும், போல்ட் தூக்கக் கஷ்டமாகும். ஆரம்ப அளவுலயே முறியுதுன்னா சந்தேகம் டை மேலயும் ஹெட்ஸ்பேஸ் மேலயும்தான். தராசைச் சோதிக்கிறது நல்லதுதான், ஆனா வேர் அங்க இல்ல.

தராசுமுள்:
ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைங்க. 0.064 அங்குல கேஜ்ல போல்ட் மூடணும், 0.074-ல மூடக் கூடாது. அந்த எல்லைக்குள்ள இருந்தாலும் கடை கேஸோட ரிம் 0.058 இருந்தா, 0.074 பக்கத்துல நிக்கிற துப்பாக்கியில 0.016 அங்குல இடைவெளி. ராணுவத்துக்கு அது பாஸ். ஒரே தடவை சுட்டுத் தூக்கிப் போடுற கேஸுக்கு வச்ச கணக்கு அது.

நம்பர் 4-ல போல்ட் ஹெட்டை (போல்ட்டோட முன்துண்டு) கழற்றி மாத்தலாம். 0 முதல் 3 வரை எண் அடிச்சிருக்கும், எண் கூடக் கூட நீளம் கூடும். எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீங்க, மைக்ரோமீட்டர் வச்சு அளந்து வாங்குங்க.

எண்ணெய்ச்செம்பு:
இவ்வளவு எதுக்கு? கேஸ் மேல மெல்லிசா எண்ணெய் தடவுங்க. சுவரைப் பிடிக்காது, மொத்தக் கேஸும் பின்னால நகரும், முறியவே முறியாது.

மூத்தகுறி:
அருமை. அப்புறம் அந்த உதை மொத்தமும் போல்ட் மேல விழும். துப்பாக்கி பலம் பார்க்கிற பிரிட்டிஷ் புரூஃப் சோதனையிலயே எண்ணெய் தடவின தோட்டாவைச் சுட்டது எதுக்குன்னு யோசிங்க. லக்கைச் சோதிக்க. அதை வாராவாரம் செய்யச் சொல்றீங்க.

எண்ணெய்ச்செம்பு:
ஒரு சோதனையைத் தாங்கினா சாதாரண மருந்தைத் தாங்காதா? அதுவும் ஆரம்ப அளவு.

மூத்தகுறி:
80 வருஷத்துக்கு முன்னாடி தாங்குச்சு. லக் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

எண்ணெய்ச்செம்பு:
உங்களுக்கும் தெரியாதுல்ல, சார்.

பித்தளைவளையம்:
ரெண்டு பேரும் தனி இழையில பேசிக்கோங்க. எண்ணெய் இல்லாமலே வழி இருக்கு. புதுக் கேஸ்ல முதல் தடவை, ரிம்முக்கு முன்னால மெல்லிய ரப்பர் ஓ-ரிங் மாட்டுங்க. போல்ட் மூடினதும் அது அமுங்கி, ரிம்மைப் பின்னால போல்ட் முகத்தோட ஒட்டி வைக்கும். அடிப்பக்கம் போறதுக்கு இடமில்லாததால, தோள்பட்டை முன்னால விரிஞ்சு உங்க சேம்பருக்கு அளவாகும். அதுக்கப்புறம் கழுத்து டை மட்டும்தான். அந்தக் கேஸை வேற துப்பாக்கியில போடாதீங்க.

கழுத்து டை கைக்கு வர்ற வரைக்கும் ஃபுல் லெங்த் டையை ரெண்டு சுத்து மேல ஏத்துங்க. சுட்ட கேஸோட கழுத்துலயும் தோள்பட்டையிலயும் மெழுகுவர்த்திக் கரி பூசி, கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. கழுத்துல கரி அழிஞ்சு, தோள்பட்டையில லேசா உரசற இடத்துல நிறுத்திப் பூட்டுங்க. போல்ட் கொஞ்சம் இறுக்கமா மூடினா சரி. கேஸ் நீளம் 2.222 அங்குலத்தைத் தாண்டினா 2.212-க்கு வெட்டுங்க.

இரட்டைவடி:
குண்டு விட்டமும் பாருங்க. 0.311-ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, போர்க்காலக் குழல் பெருசா இருக்கிறதும் உண்டு. ஈயக் குண்டை உள்ள அடிச்சு இறக்கி அளந்தா தெரிஞ்சுடும்.

மூத்தகுறி:
கேஸ் முறியற கேள்விக்கு அது பதில் இல்ல.

மரக்கட்டை:
கம்பி விட்டுப் பார்த்தேன், பாதிக்கு மேல தட்டுது. போல்ட் ஹெட்ல 1-னு இருக்கு. கேஜும் கழுத்து டையும் சொல்லியாச்சு. கடைசியா சுட்ட கேஸோட முன்பாதி இன்னும் சேம்பருக்குள்ளதான் இருக்கு. அடுத்த தோட்டாவைத் தள்ளினா கூடவே வந்துடுமா?

தராசுமுள்:
தோட்டாவைத் தள்ளாதீங்க! இதை முதல் வரியில சொல்லியிருக்கணும் தம்பி. போல்ட்டைக் கழற்றுங்க. கழுத்துக்குள்ள இறுக்கமாப் போற அளவு வெண்கலப் பிரஷ்ஷை, துப்புரவுக் கம்பியில மாட்டிப் பின்பக்கமிருந்து விடுங்க. மயிர் கேஸ் வாயைத் தாண்டினதும் பின்னால இழுங்க, வாய் விளிம்புல மாட்டிக்கிட்டு வரும். வரலைன்னா கொஞ்சம் ஊடுருவு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டு மறுபடி இழுங்க. எஃகுக் கம்பி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம், சேம்பர்ல கீறல் விழுந்தா அப்புறம் ஒவ்வொரு கேஸும் மாட்டும். வெளியே வந்ததும் எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சுக் காயவைங்க.

எண்ணெய்ச்செம்பு:
பார்த்தீங்களா, கடைசியில எண்ணெய்தான்.