200 கேசட், ஒரு ஆப்: இனிமேல் எதைக் காசு கொடுத்து வாங்குறது?

அம்மாபேட்டைக்காரன்:

வணக்கம். வீட்டில் பழைய கேசட் 200 சொச்சம் இருக்கு. பாதி கம்பெனி கேசட், மீதி ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிஞ்சது. இப்போ போனில் மாசச் சந்தா கட்டுற பாட்டு ஆப். தேடினா எது வேணும்னாலும் வருது. ஆனா தெரிஞ்சதைத்தானே தேட முடியும்? சும்மா ஓட விட்டா அதே நாற்பது ஐம்பது பாட்டுக்குள்ளேயே சுத்துது, புதுசா எதுவும் காதில் விழலை.

எல்லாமே கையில் இருக்கிறப்ப ஆல்பம்னு ஒண்ணை வாங்குறதில் இன்னும் அர்த்தம் இருக்கா? இருந்தா ரெக்கார்டா, சிடியா, டவுன்லோடா? கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தணுமா, இல்ல பழைய பேப்பர்காரருக்கா? மாசம் 1,000 ரூபாய் வரை ஒதுக்கலாம். வாரத்தில் ரெண்டு நாள் ஏற்காட்டில் ஜாகை, அங்கே சிக்னல் வந்தா உண்டு.

ஊசிமுனை:

ஆப்பில் இருக்கிறதையே மறுபடி வாங்காதீங்க, ஆப் தராததை வாங்குங்க. ஆனா ஆப் எதைத் தரலைன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

நம்ம சேலத்துச் சரக்கை வெச்சே சொல்றேன். ஏற்காடு ரோட்டில் இன்னைக்கு வளைவு மட்டும் நிக்குதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1935இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்சது. மந்திரி குமாரி (1950), அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) எல்லாம் அங்கே எடுத்த படங்கள். அந்தப் பாட்டுகள் வந்தது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுற அரக்குத் தட்டில். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூணேகால் நிமிஷம், இழுத்தா மூணரை. அதைவிட நீளமான பாட்டுன்னா ஒரு சரணம் போகும், இடையிசை சுருங்கும், இல்லாட்டி பாட்டு ரெண்டு பக்கமா உடையும். ஆப்பில் ஏறியிருக்கிற பழைய பாட்டு பெரும்பாலும் இந்தத் தட்டு வடிவம்தான். முழுசு வேணும்னா படப் பிரதியில்தான் தேடணும். அதனால, பேர் போட்டுத் தேடி வந்துடுச்சேன்னு நிறுத்திடாதீங்க. எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு பாருங்க.

அடுத்தது வருஷம். 1950களின் பாட்டுக்குப் பக்கத்தில் 2010க்கு மேல ஏதோ ஒரு வருஷம் போட்டிருந்தா குழம்ப வேண்டாம், அது டிஜிட்டலில் ஏத்தின வருஷம். ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக் கொடுக்கிற ஐஎஸ்ஆர்சி அடையாள எண்ணைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 12 இடம் அதுக்கு. முதல் ரெண்டு நாடு, அடுத்த மூணு பதிவுக்காரர், அதுக்கடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். அந்த வருஷமும் எண் கொடுத்த வருஷமே தவிர பாடின வருஷம் இல்லை.

யார் எழுதினது? இங்கேதான் ஆப் ரொம்ப மோசம். மந்திரி குமாரிக்கு இசை ஜி. ராமநாதன். பாட்டு எழுதினவங்க மருதகாசி, கா.மு. ஷெரீப் ரெண்டு பேரும். எது யாருதுன்னு ஆப்பை வெச்சு முடிவு பண்ணினா வம்புதான். அதுக்கு அந்தக் காலத்தில் தியேட்டரில் வித்த பாட்டுப் புத்தகம் வேணும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகச் சேகரிப்பு இருக்கு. பழைய புத்தகக் கடையில் நைந்துபோன பாட்டுப் புத்தகம் கண்ணில் பட்டா பேரம் பேசாம எடுத்துடுங்க. நூறு பாட்டை விட அந்த எட்டுப் பக்கம் உசத்தி.

காசு போட வேண்டிய இடம் என் கணக்கில் முதலில் பழைய சிடி. 80களின் கடைசியிலிருந்து 2000கள் வரை வந்த ஆல்பங்களுக்கு அதுதான் நல்ல பதிவு. வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சு ஊசித்துளை தெரியுதான்னு பாருங்க. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் பண்ணலாம். பேர் அச்சடிச்ச மேல்பக்கத்தில் ஆழமாக் கீறியிருந்தா வேண்டவே வேண்டாம், பதிவுப் படலம் அந்தப் பக்கம்தான் ஒட்டியிருக்கு. பேர் பேனாவில் எழுதியிருந்தா அது சிடி-ஆர், அதாவது கம்ப்யூட்டரில் பதிஞ்ச காப்பி, விலைக்குத் தகாது. வீட்டுக்கு வந்ததும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரி மென்பொருளில் ஃபிளாக்கா (தரம் குறையாம சுருக்குற ஃபைல் வகை) எடுத்து வெச்சிடுங்க. சிடி ஒலி நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி, ஃபிளாக் ஆனா கிட்டத்தட்ட பாதி.

சினிமாவுக்கு வெளியே தனியா ஆல்பம் போடுற கலைஞர்கள்னா அவங்ககிட்டயே பாட்டு வாங்குற பேண்ட்கேம்ப் இணையதளம். அங்கே டவுன்லோடில் தளத்துக்குப் போறது 15 சதவீதம், பேமென்ட் கட்டணம் தனி. மீதி கலைஞருக்கு. ஃபிளாக்காவே கிடைக்கும்.

பென்சில்ரிவைண்ட்:

கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க, அதே சமயம் எல்லாத்தையும் மாத்தவும் கிளம்பாதீங்க. 60 நிமிஷக் கேசட் 60 நிமிஷம் ஓடினாத்தான் பதிவாகும். 200 கேசட்னா 200 மணி நேரம், ஒரு நாளைக்கு ஒண்ணுன்னாலும் ஆறேழு மாசம். முதல்ல பிரிங்க. கம்பெனி கேசட்டில் ஆப்பில் அப்படியே கிடைக்கிறதை ஓரம் கட்டுங்க. பக்திப் பாட்டு, பட்டிமன்றம், கதை வசனம், நாட்டுப்புறப் பாட்டு, சின்ன கம்பெனி வெளியீடு, இதெல்லாம் ஆப்பில் இல்லாம போக வாய்ப்பு அதிகம். சென்டரில் பதிஞ்சதில் பாட்டு கிடைக்கும், வரிசை கிடைக்காது. மூடியில் இருக்கிற கையெழுத்து லிஸ்ட்டைப் போட்டோ எடுத்தாலே போதும், அதே வரிசையில் ஆப்பில் பிளேலிஸ்ட் போட்டுக்கலாம்.

மாத்துறதுன்னா கேசட்டை முன்னும் பின்னும் ஒரு தடவை முழுசா ஓட்டுங்க. வருஷக்கணக்கா இறுகிக் கிடந்த டேப் தளர்ந்து சீராச் சுத்திக்கும். டேப்பைப் படிக்கிற ஹெட்டையும், ரப்பர் உருளையையும், டேப்பை இழுக்கிற கேப்ஸ்டன் கம்பியையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைங்க, அஞ்சு கேசட்டுக்கு ஒருமுறை. ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்துற சின்ன பஞ்சுத் திண்டு பசை விட்டு விழுந்திருந்தா ஒலி மங்கி விட்டு விட்டு வரும். அஞ்சு ஸ்குரூ போட்ட கூடுன்னா திறந்து டேப்பை வேற கூட்டுக்கு மாத்திடலாம். ஒட்டின கூடுன்னா பிளேடால் பிளக்கணும், பொறுமை வேணும்.

எல்லாரும் கோட்டை விடுறது அசிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நிக்கிற சாய்வு. ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். பாட்டை மோனோவில் வெச்சு, அந்த ஸ்குரூவைக் கால் சுத்துக்கும் குறைவா இப்படி அப்படித் திருப்பினா ஒரு இடத்தில் ஜால்ராவும் 'ஸ' ஒலியும் பளிச்சுன்னு திறக்கும். அங்கே நிறுத்துங்க. சென்டர் கேசட் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு டெக்கில் பதிஞ்சது, அதனால ஒவ்வொண்ணுக்கும் பார்க்கணும். இதை விட்டுட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் ட்ரெபிளை ஏத்தினா இரைச்சல்தான் ஏறும். அட்டையில் 'டால்பி' (இரைச்சலைக் குறைக்கிற முறை) என்று அச்சிட்டிருந்தா மட்டும் டெக்கில் அதைப் போடுங்க.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ், அங்கிருந்து கம்ப்யூட்டரில் ஆடாசிட்டிங்கிற பதிவு மென்பொருள். ஹெட்போன் துளையிலிருந்து எடுக்காதீங்க. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபல். ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி ஆகும், ஃபிளாக்கில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல. இரைச்சல் நீக்கியை அதிகம் போட்டா குரல் தண்ணிக்குள்ளிருந்து வர்ற மாதிரி ஆயிடும். மூல ஃபைலைத் தொடாம தனியா வைங்க.

டேப் ஓரத்தில் வெள்ளையாப் பூத்திருந்தா அது பூஞ்சை. நல்ல டெக்கில் போட்டா அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.

குகை சவுண்ட் சர்வீஸ்:

ஊசிமுனை அண்ணன் சிடின்னு முடிச்சுட்டார், சரி. யாராவது வந்து ரெக்கார்டு வாங்குங்கன்னு சொல்றதுக்குள்ள நான் சொல்லிடுறேங்க.

சேலத்தில் கையில் மாறுற பழைய ரெக்கார்டில் நிறைய சவுண்ட் சர்வீஸ் சரக்குங்க. ஆடியில் மாரியம்மன் பண்டிகைன்னா கூம்பு குழாய் கட்டி விடிய விடிய ஓட்டினது. அந்தக் கால செராமிக் ஊசி நாலஞ்சு கிராம் பாரம் இறக்கும், இப்போ நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்குற பாகம்) ரெண்டு கிராமுக்குள்ள. தேய்ஞ்ச ஊசியை மாத்தாம ஓட்டியிருந்தா பள்ளமே சிதைஞ்சிருக்கும். கண்ணுக்குப் பளபளன்னு இருக்கும், போட்டா சத்தம் ஏறுற இடமெல்லாம் கரகரன்னு உடையும், உள்வட்டத்தில் இன்னும் மோசம். இது கழுவினாப் போகாது. லேபிளில் நடு ஓட்டையைச் சுத்தி முடி மாதிரி கோடு கோடாக் கீறல் இருந்தா ஆயிரம் தடவை ஏத்தி இறக்கினதுன்னு அர்த்தம். அட்டையில் கடைப் பேர், நம்பர் போட்டிருந்தாலும் அதே கதை. போட்டுக் காட்டாம காசு கொடுக்காதீங்க, அதுவும் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்க.

78 தட்டு தனி உலகம். அதுக்கு 3 மில் ஊசி, பின்னாடி வந்த நீண்ட நேர எல்பி ரெக்கார்டுக்கு 0.7 மில் (மில்னா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பி ஊசியை வெச்சு 78 ஓட்டினா ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து ஆடும், இரைச்சல்தான் கேக்கும். கழுவுறதுக்கு ஸ்பிரிட் ஆல்கஹால் எதுவும் ஆகாது, அரக்கு கரைஞ்சிடும். துளி சோப்பு போட்ட தண்ணி, மெல்லிய துணி, லேபிள் நனையாம. சித்திரை வெயிலில் காருக்குள்ள விட்டா எல்பி அப்பளம் ஆயிடும். படுக்கையா அடுக்காதீங்க, நேரா நிக்க வைங்க.

பழைய ஆல்பத்தை மறுபடி அச்சடிக்கிற புது ரீ-இஷ்யூ எல்பி வாங்குற ஆசை இருந்தா, மாஸ்டர் டேப்பிலிருந்து வெட்டினதா, டிஜிட்டல் ஃபைலிலிருந்தான்னு கேளுங்க. பதில் வரலைன்னா நீங்க ஆப்பில் கேக்குறதையே பெரிய வட்டமா வாங்குறீங்க. அட்டைக்காக வாங்கினா தப்பில்லை, அது வேற ஆசை.

பனிமூட்டம்:

புதுசு காதில் விழலைன்னு கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையே.

அப்போ ஒரே கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம்னு வரும். ஏ பக்கத்துக்காக வாங்கி, பி பக்கம் தானா ஓடி, பத்தாவது தடவையில் பிடிச்சுப் போகும். தாண்டிப் போக பட்டனை அழுத்திக் காத்திருக்கணும், சோம்பேறித்தனத்தில் கேட்டுடுவோம். ஆப்பில் விரலால் ஒரு தட்டு தட்டினா தாண்டிடலாம், தாண்டினதை அது நினைப்பில் வெச்சுக்கிட்டு அந்த மாதிரியே தராம விட்டுடும். உங்க 40 பாட்டுச் சுழல் அப்படித்தான் உண்டாகுது. போதாக்குறைக்குப் புதுப் படப் பாட்டு ஒவ்வொண்ணா சிங்கிளா வருது. ஆல்பம் முழுசா வர்ற நாளில் ரெண்டு மூணு பாட்டு ஏற்கெனவே பழசு, மிச்சத்தை யாரும் திறக்கிறதே இல்லை.

அதனால ஆட்டோபிளேயை அணைச்சிடுங்க. மிக்ஸ், ஹிட்ஸ்னு ஆப் கட்டிக் கொடுக்கிற லிஸ்ட் வேண்டாம். பிடிச்ச ஒரு பாட்டின் ஆல்பத்தைத் திறந்து முதல் பாட்டிலிருந்து கடைசி வரை விடுங்க, மூணு நாள் அதே ஆல்பம். அப்புறம் அதில் ஒரு பேரைப் பிடிச்சு நகருங்க. இசையமைப்பாளர் பேர் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. பாடலாசிரியர், வயலின்காரர், புல்லாங்குழல்காரர். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. முதலாவதில் வி.எஸ். நரசிம்மன் வயலின், ரெண்டாவதில் ஹரிபிரசாத் சௌரசியா குழல். அந்த ரெண்டு பேரிலிருந்தும் கிளைக்கிற வழி ஆறு மாசத்துக்குத் தாங்கும். வீட்டில் குழந்தைகளுக்கு அதே போனில் பாட்டுப் போட்டா பிரைவேட் செஷனை ஆன் பண்ணிட்டுப் போடுங்க. இல்லாட்டி ஒரு வாரத்துக்குப் பரிந்துரை முழுக்க யானைப் பாட்டுதான்.

மலை விஷயம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்ட்ரீமிங்கை நம்ப வேண்டாம், கீழேயே வைஃபையில் இறக்கிடுங்க. 320 கேபிபிஎஸ்ஸில் நிமிஷத்துக்கு 2.4 எம்பி, நாலரை நிமிஷப் பாட்டு 11 எம்பிக்குள்ள, 1,000 பாட்டுன்னா 11 ஜிபி. ஸ்பாட்டிஃபைன்னா 30 நாளில் ஒரு தடவையாவது நெட்டில் இணைக்கணும், இல்லாட்டி இறக்கினது பூட்டிக்கும். காசு கொடுத்து வாங்கின ஃபிளாக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது, மெமரி கார்டில் போட்டா போட்டதுதான்.

கேசட்டையோ ரெக்கார்டையோ மேலே கொண்டுபோய் வைக்காதீங்க. மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே பனி வரும். வேற வழியில்லைன்னா மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், 300 ரூபாய்க்குக் கிடைக்கிற ஈரப்பதமானி. 40லிருந்து 50 சதவீதத்துக்குள் நிறுத்தணும். ஜெல் நிறம் மாறினா இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

அம்மாபேட்டைக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒரே ஒரு சந்தேகம். 'ஒரிஜினல் ஃபிளாக்'னு ஒருத்தர் பென் டிரைவில் 2,000 பாட்டு தரேங்கிறார். நம்பலாமா?

ஊசிமுனை:

உரிமை இல்லாத சரக்கு, அது முதல் விஷயம். தரமும் சந்தேகம். ஒரு பாட்டை மட்டும் வாங்கி ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் (ஒலியின் அதிர்வெண்களை நிறமாக் காட்டும்) திறங்க. 80, 90களின் சிடி பதிவுன்னா மேலே 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை நிறம் தெரியணும். 16இல் கத்தி வெச்சு அறுத்த மாதிரி நின்னா 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஃபிளாக் பையில் போட்டிருக்கார். பஸ் ஸ்டாண்டில் வித்த எம்பி3 சிடி மாதிரி. 700 எம்பி தட்டில் 150 பாட்டு அடைச்சது அந்த 128 கேபிபிஎஸ் தரத்தில்தான்.

பழைய மோனோ பாட்டை ஸ்டீரியோன்னு சொன்னா இன்னொரு சோதனை. ஸ்டீரியோ டிராக்கை ரெண்டா பிரிச்சு, ஒண்ணை இன்வெர்ட் பண்ணி, ரெண்டையும் மோனோவாக்கிச் சேருங்க. மௌனம் வந்தா சுத்தமான மோனோ. பாட்டின் எதிரொலி மட்டும் மிச்சமா மிதந்தா பின்னாடி யாரோ எக்கோ ஏத்தியிருக்காங்க.