பக்ஸ் பன்னி தொகுப்புப் படம்: துண்டுகளை அடையாளம் காண உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். சக் ஜோன்ஸ் இயக்கி 1979-இல் வெளிவந்த 'தி பக்ஸ் பன்னி ரோட் ரன்னர் மூவி' பற்றி ஒரு சந்தேகம். மாளிகைவாசியாகிவிட்ட கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி நம்மிடம் பேசிக்கொண்டே பழைய நாட்களை அசைபோடும் புதிய காட்சிகள்தான் பழைய குறும்படங்களை இணைக்கின்றன. 'டக் அமக்' (1953), 'வாட்ஸ் ஆப்பரா, டாக்?' (1957) போன்றவற்றை எளிதாகக் கண்டுகொண்டேன். புதிய காட்சிகளுக்கும் மெல் பிளாங்க்தான் குரல். எழுபது வயதின் தளர்ச்சி என் காதுக்குத் தெரிகிறது, ஆனால் குறும்பு குறையவில்லை.

சிக்கல் கடைசிப் பகுதியில்தான். ரோட் ரன்னர் என்ற வேகமாக ஓடும் பறவையைக் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு துரத்தும் காட்சிகளைப் பல படங்களிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்பான், நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பான், விழுவான், அடியில் சிறு புழுதி எழும். எல்லாப் படத்திலும் இதே கதை என்றால் எதை வைத்துப் பிரிப்பது? பாறைகளின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துச் சிலவற்றை ஊகித்தேன், உறுதியில்லை.

எந்தத் துண்டு எந்தக் குறும்படத்தைச் சேர்ந்தது என்ற பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? முழுதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மூலக் குறும்படங்களை முதலில் காட்டிவிட்டு, பிறகு இந்தப் படத்தைப் போட நினைக்கிறேன். தமிழ் வசன வரிகளோடு டிவிடி கிடைக்குமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.